பிடில் ஊரும் அருவி வெட்டுப் பாட்டும்

இடம்பெயர்ந்து வாழும் சில விவசாயக் குடும்பங்களோடு ஒரு மாலைப் பொழுதில் அமர்ந்திருந்தோம். விதைநெல், கிணறு, கடன் என்று பேச வேண்டியவற்றைப் பேசி முடித்தபின், அங்கிருந்த முதியவர் ஒருவரிடம் அருவி வெட்டுப் பாட்டு ஒன்றைப் பாடும்படி கேட்டோம். ஒரு காலத்தில் அவர் குரலெடுத்தால் அடுத்த வரம்பிலிருந்து எதிர்ப்பாட்டு எழும் என்று அவருடைய ஊரவர்கள் எமக்குச் சொல்லியிருந்தனர். அவர் சிரித்தார். "வயலில்லாத இடத்தில அருவி வெட்டுப் பாட்டுப் பாடினா கேக்கிறவன் சிரிப்பான், சுவாமி. வெயிலும் இல்லை, கதிரும் இல்லை. ஆருக்கு அந்தப் பாட்டு?" என்றார்.

எம்மிடம் அப்போது பதில் இருக்கவில்லை. அவர் சொன்னதில் உண்மை இருந்தது. வேலைப் பாட்டு என்பது மண்வெட்டியைப் போல ஒரு கருவி. குனிந்த முதுகின் நோவை மறக்கவும், பத்துப் பேரின் கையை ஒரே வேகத்தில் நடத்தவும் பிறந்தது. வயல் போனால் அதற்கு வேலை இல்லை. வயல் இருக்கும் இடங்களிலும் அறுவடை இயந்திரம் வந்தபின் அதற்கு வேலை இல்லாமற் போய்விட்டது. அப்படியானால் பழைய வேலையை இழந்த பாட்டுக்கு வேறொரு வேலை கிடைக்குமா? இப்பாடத்தில் இந்தக் கேள்வியோடு வெகு தொலைவிலுள்ள ஓர் ஊருக்குப் போய்ப் பார்ப்போம். அங்கும் உழவர்களே வாழ்கின்றனர்.

பனி நாட்டு உழவர் ஊர்

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நாடு பின்லாந்து. அதன் மேற்குக் கரையில் கொக்கோலா என்னும் துறைமுகப் பட்டினம் உண்டு. அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் உள்ளே, பெர்ஹோ ஆற்றோரம் அமைந்திருக்கிறது கௌஸ்தினென் என்னும் சிற்றூர். மக்கள் தொகை சுமார் 4,300. நமது இரண்டு மூன்று கிராம அலுவலர் பிரிவுகளைச் சேர்த்தால் வரக்கூடிய தொகை இது. பல மாதங்கள் நிலம் பனியால் மூடிக் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு போகமே உண்டு. பார்லி, ஓட்ஸ், உருளைக்கிழங்கு, பால் மாடு இவையே அவர்களது சீவியம். முற்காலத்தில் பைன் மரத்திலிருந்து கீல் காய்ச்சி, கப்பல்களுக்குப் பூசுவதற்காகக் கொக்கோலாவுக்குக் கொண்டுபோய் விற்றனர். பெருஞ்செல்வம் எக்காலத்திலும் இருந்த ஊர் அல்ல.

இவ்வூரில் 250 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிடில் வாசிக்கப்பட்டு வருகிறது. பிடிலுக்கு அங்கே இருந்த முதல் வேலை கலியாண வீட்டில்தான். ஒரு கலியாணம் பல நாட்கள் நடக்கும். ஊர் முழுவதும் கூடும். மணமக்களை அழைத்து வரும்போது ஒரு மெட்டு, ஆட்டத்துக்கு வேறு மெட்டுகள் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் உரியவை இருந்தன. பிற்காலத்தில் பெரிய அடித்தொனி கொண்ட டபிள் பேஸ் என்னும் நரம்பு வாத்தியமும், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியமும் பிடிலோடு சேர்ந்தன. நமது நாடக மேடைகளில் இருந்ததே, அந்தக் கால் ஆர்மோனியத்தின் உறவுதான் அது.

வாசித்தவர்கள் உழவர்கள். பகலில் புல் வெட்டியவர் மாலையில் பிடிலைத் தோளில் வைத்தார். இசைப்பதற்கென ஒரு சாதியை ஒதுக்கி வைத்து, கலியாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் அவர்களைக் கூப்பிட்டு, வாசலுக்கு வெளியே நிறுத்திய வழக்கம் நம்மிடையே இருந்தது. முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. அதை எண்ணாமல் இவ்விடத்தைக் கடந்துபோக எம்மால் இயலவில்லை.

அவர்கள் கற்ற முறையையும் கவனிக்க வேண்டும். இசைக் குறிப்பு எழுதிய தாள் முதன்மையல்ல, காதுதான் முதன்மை. சிறுவன் ஒருவன் பெரியப்பாவின் பக்கத்தில் அமர்ந்து, அவருடைய வில் போகும் வழியைப் பார்த்து, கேட்டுக் கேட்டே பிடித்துக்கொள்வான். நம்முடைய அண்ணாவிமார் கூத்துப் பழக்கிய முறையும் இதற்கு வெகு தூரமல்ல. இப்படி நூற்றுக்கணக்கான மெட்டுகள் எழுத்தில்லாமலே தலைமுறைகளைத் தாண்டி வந்திருக்கின்றன.

இவ்வூரில் 1813இல் பிறந்தவர் கிரேத்தா ஹாபசாலோ என்னும் பெண். மடியில் வைத்து மீட்டும் கந்தெலே என்னும் நரம்பு வாத்தியத்தில் வல்லவர். ஏழைக் குத்தகைக்காரனின் மனைவி. பிள்ளைகளோ பலர். பஞ்ச காலங்களில் வீட்டில் சமைப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது கந்தெலேயைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்து பாடி, கிடைத்ததைக் கொண்டு பிள்ளைகளை வளர்த்தார். நாட்டின் தலைநகர் வரை அவர் பெயர் பரவியது. ஓவியர்கள் அவரை வரைந்தனர். 1893இல் இறக்கும்வரை அவர் பாட்டை ஒரு பொழுதுபோக்காகக் கருதியிருக்க மாட்டார் என்றே நாம் நினைக்கிறோம். அது அவருக்கு அடுப்பில் வைக்கும் பானை.

ஊர் வெறுமையான காலம்

1960களில் கௌஸ்தினெனுக்கு மட்டுமன்றிப் பின்லாந்தின் கிராமங்கள் எல்லாவற்றுக்குமே ஒரு சோதனை வந்தது. அங்கே அப்போது யுத்தம் இல்லை. ஆயினும் ஊர்கள் வெறுமையாயின. சிறு காணிகளில் பயிர் செய்து பிழைக்க முடியாமல் இளையோர் தெற்கிலுள்ள பட்டணங்களுக்கும் அயல்நாடான சுவீடனின் தொழிற்சாலைகளுக்கும் புறப்பட்டனர். 1969, 1970 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் சுமார் 80,000 பேர் சுவீடனுக்குப் போயினர். 1969இல் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வயலைப் பயிரிடாமல் தரிசாகப் போடும் விவசாயிக்குக் கொடுப்பனவு தரப்படும் என்பது அதன் சாரம். விளைச்சல் மிகுந்து விலை விழுந்ததே அதற்குக் காரணம் எனப்பட்டது. காடு வெட்டி, கல் பொறுக்கி, வயலாக்கிய மனிதனுக்கு "நீ உழாமல் இருந்தால் காசு தருகிறோம்" என்று சொல்வது எத்தகைய பேச்சு என்பதை இதை வாசிக்கும் உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கலியாணங்களும் சுருங்கின. பல நாள் விருந்து ஒரு பகலாயிற்று. வானொலியும் இசைத்தட்டும் புதிய ஆட்டங்களைக் கொண்டுவந்தன. பிடில்காரர் பலருக்கு வயதாகிவிட்டிருந்தது. நமது முதியவர் கேட்ட அதே கேள்வி அங்கும் எழுந்திருக்க வேண்டும்: ஆருக்கு அந்தப் பாட்டு?

அந்த வேளையில், 1968இல், ஊரவர்கள் முதலாவது நாட்டார் இசை விழாவை நடத்தினர். பெரிய பட்டணம் ஒன்றில் நடத்தவில்லை. பிடில் இருக்கும் ஊரிலேயே நடத்தினர். அவ்விழாவின் முகமாக அமைந்தவர் கொன்ஸ்தா யூல்ஹா. 1910இல் பிறந்த இவர், 1946இல் சில கூட்டாளிகளோடு ஒரு பிடில் குழுவை அமைத்திருந்தார். கலியாண ஆட்டத் தொகுதி ஒன்றின் பெயரையே குழுவுக்கு வைத்திருந்தனர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அயலூர்களில் வாசித்து வந்த இம்மனிதர்களை விழாவுக்குப் பின் நாடே அறிந்துகொண்டது. யூல்ஹா பழைய மெட்டுகளை மட்டும் வாசிக்கவில்லை, புதியனவும் கட்டினார். அவர் 1984இல் இறந்தார். அவர் கட்டிய மெட்டுகள் இன்று பழைய மெட்டுகளோடு கலந்து நிற்கின்றன. புதிதாக ஒன்றும் சேராவிட்டால் பழையது தானாக நிலைத்துவிடும் என்று நாம் எண்ணுவது தவறு.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் யூலை மாதத்தில், ஏறத்தாழ ஒரு வாரம், விழா நடந்து வருகிறது. கொள்ளை நோய்க் காலத்தில் மாத்திரம் அது தடைப்பட்டது. பல்லாயிரம் பேர் வருகின்றனர். 4,300 பேர் கொண்ட ஊர் அத்தனை பேரை எப்படித் தாங்குகிறது? இங்கேதான் நாம் சற்றுத் தங்க வேண்டும்.

சிரமதானம் என்று நாம் சொல்வதை அவர்கள் 'தல்கோத்' என்பர். ஒருவர் வீட்டுக்குக் கூரை போட, வைக்கோல் சேர்க்க, அயலவர் எல்லோரும் கூலியின்றி வந்து வேலை செய்வதும், வீட்டுக்காரர் உணவு கொடுப்பதும் அவர்களது பழைய வழக்கம். விழாவும் அப்படியே நடக்கிறது. பல நூறு ஊரவர்கள் நுழைவுச் சீட்டுக் கொடுக்கின்றனர், சமைக்கின்றனர், வாகனம் ஒழுங்கு செய்கின்றனர், குப்பை அள்ளுகின்றனர். பாடசாலை வகுப்பறைகளிலும் வீடுகளிலும் கூடாரங்களிலும் வந்தவர்கள் தங்குகின்றனர். பிடில் பிடிக்கத் தெரியாதவருக்கும் விழாவில் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஆகவே ஊருக்குள் 'கலைஞர்', 'பார்வையாளர்' என்று இரண்டு கூட்டம் உண்டாவதில்லை.

மேடை நிகழ்ச்சிகள் உண்டு. ஆனால் போய் வந்தவர்கள் முதலில் சொல்வது மேடையைப் பற்றியல்ல. மரத்தடியில் நான்கு பேர் வாசித்துக்கொண்டிருப்பர். ஐந்தாவதாக ஒருவர் வந்து, சற்று நேரம் கேட்டுவிட்டுத் தமது பிடிலை எடுத்துச் சேர்ந்துகொள்வார். அவர் வேறு நாட்டவராகவும் இருக்கலாம். பத்து வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம். இது இரவு வெகு நேரம்வரை நடக்கும். அந்நாட்டு யூலையில் இரவு முழுமையாக இருட்டுவதும் இல்லை.

நமது ஊர் விழாக்களை இங்கே நினைத்துக்கொள்கிறோம். பிரதம விருந்தினர் வருகைக்காக இரண்டு மணிநேரக் காத்திருப்பு, மாலை, பொன்னாடை, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை. எல்லாம் முடிந்து கலைஞர் மேடைக்கு வரும்போது தாய்மார் தூங்கிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பர். ஆசியுரைகளை நீட்டிய குற்றம் எமக்கும் உண்டு.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு

1974இல் கௌஸ்தினெனில் நாட்டார் இசை நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. 1997இல் நாட்டார் கலை நிலையம் திறக்கப்பட்டது. 2021 டிசம்பரில் கௌஸ்தினென் பிடில் வாசிப்பையும் அதனோடு சேர்ந்த வழக்கங்களையும் யுனெஸ்கோ தனது மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் கட்டடமும் பட்டியலும் இல்லாதிருந்தாலும் அந்த இசை இருந்திருக்கும் என்று நாம் துணிந்து சொல்வோம். பிள்ளைகள் இல்லாதிருந்தால் இருந்திருக்காது.

1980களில் மவுனோ யார்வெலா என்னும் பிடில் ஆசிரியர் அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கத் தொடங்கினார். யார்வெலா என்பது ஊரின் ஒரு பகுதியின் பெயர். தலைமுறை தலைமுறையாகப் பிடில்காரரைத் தந்த குடும்பத்தின் பெயரும் அதுவே. அவருடைய முறைக்கு 'நாப்பரி' என்று பெயர். தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. விருப்பமுள்ள எவரும் வரலாம். ஆறு வயதும் பதினாறு வயதும் ஒரே கூட்டத்தில் இருக்கும். ஒரே மெட்டில் தேர்ந்தவருக்குக் கடினமான பகுதியும், இடைப்பட்டவருக்கு இலகுவான பகுதியும், நேற்று வந்தவருக்கு ஒன்றிரண்டு சுரம் மட்டும் கொண்ட பகுதியும் பிரித்துக் கொடுக்கப்படும். ஒன்றிரண்டு சுரம் வாசிக்கும் சிறுவனும் முதல் நாளிலிருந்தே முழுப் பாட்டின் நடுவில் நிற்பான். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இவ்வாறு ஒன்றாக வாசிக்கின்றனர். பெற்றோரும் சேர்ந்து கற்பதுண்டு.

நமது பாடசாலைகளிலும் ஞாயிறு வகுப்புகளிலும் நாம் செய்வதோ இதற்கு நேர் எதிர். முதலில் குரல் பார்க்கிறோம். ஐந்து பேரைத் தெரிவு செய்கிறோம். மற்ற நாற்பது பேரையும் "நீங்கள் இருந்து கைதட்டுங்கள்" என்கிறோம். பத்து ஆண்டுகளில் அந்த ஐந்து பேரில் மூவர் வெளிநாடு போய்விடுவர். பாட்டும் அவர்களோடு போய்விடும். நாற்பது பேரிடம் இருந்திருந்தால் ஊரில் சிலராவது அதை வைத்திருப்பர்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. விழா நடந்ததனால் இளையோர் ஊரைவிட்டுப் போவது நின்றுவிடவில்லை. அவ்வட்டாரத்தில் வேலை தேடிப் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தனர். விழாக்களுக்கே உரிய ஆபத்தும் உண்டு. கூட்டம் சேர்ப்பதற்காகப் பிரபல பாடகர்களை அழைப்பதும், வருமானக் கணக்கே பெரிதாவதும் எங்கும் நடப்பவைதான். பிடிலால் பால் விலை கூடவில்லை. ஆனால் தம்மைக் கழித்துவிட்ட உலகத்தின் முன்னே "எம்மிடம் ஒன்று உண்டு, வந்து கேளுங்கள்" என்று சொல்ல அவ்வூருக்கு ஒரு வழி கிடைத்தது. போனவர்களுக்கும் யூலையில் ஊருக்கு வர ஒரு காரணம் கிடைத்தது.

ஊரையே இழந்தவர்கள்

"அவர்களுக்கு ஊராவது மிஞ்சியது, எமக்கு அதுவும் இல்லையே" என்று நீங்கள் கேட்கக்கூடும். அதற்காக அதே பின்லாந்தின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாட்டின் கிழக்கு எல்லையில் கரேலியா என்னும் பகுதி உண்டு. அங்கே லாடோகா என்னும் பெரிய ஏரியின் கரையில் சோர்தவாலா என்ற சிறு பட்டினம். 1896இல் அங்கே ஒரு பெரும் பாட்டு விழா நடந்தது. 1935இல், கலேவலா என்னும் பின்னிஷ் காவியம் வெளிவந்து நூறாண்டு நிறைந்தபோது, மீண்டும் ஒரு பெருவிழா. அதற்குப் பத்தாண்டுக்குள் அப்பட்டினமும் சுற்றியிருந்த கிராமங்களும் அவர்கள் கையில் இல்லை.

1939 நவம்பரில் சோவியத் ஒன்றியத்துடன் மூண்ட யுத்தம் 1940 மார்ச்சில் முடிந்தபோது கரேலியாவின் பெரும்பகுதி கைமாறியது. மக்கள் மாட்டையும் மூட்டையையும் கொண்டு வெளியேறினர். 1941இல் மறுபடியும் யுத்தம் வந்தபின் இரண்டரை இலட்சத்திற்கும் அதிகமானோர் திரும்பிப் போய், எரிந்த வீடுகளைக் கட்டி, வயலை உழுதனர். 1944இல் இரண்டாந் தடவை வெளியேறினர். மொத்தத்தில் இடம்பெயர்ந்தோர் நான்கு இலட்சத்துக்கு மேல். ஒரு முறை திரும்பிப் போய் விதைத்துவிட்டு மறுபடியும் விட்டு வருவது என்னவென்று உங்களிற் பலருக்குத் தெரியும்.

1945இல் இயற்றப்பட்ட காணிச் சட்டத்தின்படி கரேலிய விவசாயக் குடும்பங்களுக்கு நாட்டின் வேறு பகுதிகளில் காணி வழங்கப்பட்டது. இயன்றவரை ஓர் ஊரவரை ஒரே வட்டாரத்தில் குடியேற்ற முயன்றனர். இது பெரிய காரியம். அயலவர் அயலவராகவே இருந்தனர். ஆயினும் வரவேற்பு எல்லா இடத்திலும் இனிமையாக இருக்கவில்லை. அவர்களுடைய பேச்சு வழக்கைக் கேட்டுச் சிரித்தவர் உண்டு. ஓதடொக்ஸ் சபையைச் சேர்ந்த கரேலியர்களை அந்நியராகப் பார்த்தவர் உண்டு. காணியைப் பகிர நேர்ந்த உள்ளூரவரின் மனத்தாங்கலும் இருந்தது.

யுத்தம் முடிந்த சில வாரங்களுக்குள், 1940 ஏப்பிரலிலேயே, அவர்கள் கரேலியச் சங்கத்தை அமைத்துவிட்டனர். இழப்பீடு, குடியேற்றம் பற்றிப் பேசுவது அதன் முதல் வேலை. அத்தோடு கோடைதோறும் கரேலியர் ஒன்றுகூடும் விழாவையும் 1940களிலேயே தொடங்கினர். ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு பட்டினத்தில். சொந்த ஊர் இல்லாதபடியால் விழாவே ஊர் ஊராக நடந்தது. ஊர் வாரியாகக் கூடி, பாடி, ஆடி, உண்டனர். ரை என்னும் தானிய மாவை மெல்லிய தட்டாகத் தட்டி, நடுவில் அரிசிக் கஞ்சியை வைத்து, ஓரத்தை மடித்துச் சுடும் கரேலியப் பணியாரத்தை இன்று பின்லாந்து முழுவதிலும் எந்தக் கடையிலும் வாங்கலாம். அகதியின் அடுப்பிலிருந்து வந்த பண்டம் என்று அதை வாங்குவோரில் எத்தனை பேர் நினைப்பார்கள்?

அக்காணிகள் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இதைச் சொல்வதால் காணி உரிமையை மறந்துவிட்டுப் பாடிக்கொண்டிருங்கள் என்கிறோம் என்று எவரும் எடுத்துக்கொள்ளலாகாது. உறுதியைப் பத்திரப்படுத்துங்கள். மனுவை எழுதுங்கள். கச்சேரிக்கு நடங்கள். கரேலியரும் அதைத்தான் முதலில் செய்தனர். பாட்டைத் திரும்பிப் போகும் நாளுக்கென மூட்டை கட்டி வைக்கவில்லை என்பதே எமது பேச்சு. மூட்டையில் வைத்த விதைநெல் சில போகத்துக்குமேல் முளைக்காது.

அந்தக் கரேலியப் பக்கத்தில் முன்னொரு காலம் வாழ்ந்த லாரின் பாரஸ்கே என்னும் உழவுப் பெண்ணையும் இங்கே குறிப்பிட வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாத அவருக்கு 32,000க்கும் மேற்பட்ட பாட்டு வரிகள் மனனம். அடோல்ஃப் நேயோவியுஸ் என்னும் புரட்டஸ்தாந்து குருவானவர் 1880களில் தொடங்கி அவற்றை எழுதி எடுத்தார். அதற்காகப் பாரஸ்கேக்குப் பணமும் கொடுத்தார். பாட்டுகள் பிழைத்தன. பாரஸ்கேயோ 1904இல் வறுமையில் இறந்தார். எம்மைப் போல் குறிப்புப் புத்தகத்தோடு கிராமங்களுக்கு வருபவர்கள் அவரை மறக்கக்கூடாது.

நமது முற்றத்தில்

இனி நமது காரியம். விழா என்றதும் மேடை, ஒலிபெருக்கி, பந்தல் என்று தொடங்காதீர்கள். பத்துக் குடும்பம், ஒரு முற்றம், ஒரு பானை தேநீர் போதும். முழுநிலா நாளாயிருந்தால் விளக்குச் செலவும் இல்லை. முதலில் எந்தெந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டறியுங்கள். நாற்று நடுகை, அருவி வெட்டு, சூடு மிதித்தபோது பாடிய பொலிப் பாட்டு, தாலாட்டு, ஊஞ்சற் பாட்டு, கூத்துப் பாட்டு என்று எத்தனையோ இருக்கும். நடுகைப் பாட்டும் தாலாட்டும் பெரும்பாலும் பெண்களிடமே உண்டு. ஆண்கள் கூடிய இடத்தில் "எனக்கு ஒண்டும் தெரியாது" என்பார்கள். அவர்கள் தனியே கூடட்டும். கிணற்றடியில் ஆரம்பித்தாலும் சரியே.

ஒப்பாரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதுவும் நமது பெரும் செல்வம். ஆயினும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமும், காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயிடமும் அதை நிகழ்ச்சிக்காகக் கேட்பது பெருங்கொடுமை. காத்திருப்பவளுக்கு ஒப்பாரி சொல்வது காத்திருப்பை முடித்துவிடுவதாகப் படும். அவளாகப் பாடினால் பக்கத்தில் இருங்கள். கைத்தொலைபேசியை எடுக்காதீர்கள்.

மற்றப் பாட்டுகளைக் கைத்தொலைபேசியிலே பதியலாம். பாடுபவரின் சம்மதத்தைக் கேட்ட பின்னரே பதிய வேண்டும். பாடியவர் யார், எந்த ஊர், யாரிடம் கற்றார், எந்த வேலைக்குரியது, முடிந்தால் எந்த வயல்வெளியில் பாடியது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வயற்காணிகளின் பெயர்களும் இதனால் எழுத்தில் ஏறும். பதிந்ததன் பிரதி பாடியவர் வீட்டிலும் இருக்க வேண்டும். வெளியார் எவராவது கேட்டு வந்தால் அவரிடம் கேட்டே கொடுங்கள்.

ஒரே பாட்டை இரண்டு ஊரவர் இரண்டு விதமாகப் பாடுவர். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டையும் எழுதுங்கள். சில பாட்டுகளில் ஒரு சாதியை இழிவாகச் சொல்லும் அடிகள் வரும். அவற்றை மூடி மறைக்காமல், பிள்ளைகள் முன்னிலையில் அது பிழை என்று பேசிவிட்டு, அந்த அடியை விட்டுப் பாடலாம். உங்களுக்கு இடம் தந்த ஊரவரையும் கூப்பிடுங்கள். தண்ணீர்க் குழாயடியில் வந்த பிணக்கு அன்றைக்கே தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அவர்களிடமும் பாட்டு இருக்கும், அதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பிள்ளைகளை மட்டும் தெரிவு செய்து எடுக்காதீர்கள். பாட வராத பிள்ளைக்குத் தாளம், அதுவும் வராவிட்டால் எல்லோரும் சேர்ந்து சொல்லும் கடைசிச் சொல்.

அந்த முதியவர் விடயத்துக்கு வருவோம். சில கிழமைகள் கழித்து அவரே எமக்குச் சொல்லி அனுப்பினார். ஒலிவாங்கி வேண்டாம், எதிர்ப்பாட்டுச் சொல்ல ஆள் வேண்டும் என்பதே செய்தி. அயலூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த இருவரைத் தேடிப் பிடித்தோம். முதல் அடியிலேயே சொற்கள் ஒத்துவரவில்லை. "எங்கட பக்கம் அப்பிடி இல்லை" என்று மூவரும் அரைமணி நேரம் வாதாடினார்கள். பிறகு பாடினார்கள். முற்றத்தில் நின்ற சிறுவர்கள் வரிசையாகக் குனிந்து கதிர் அறுப்பதுபோல் கையை வீசிக் காட்டினார்கள். அவர்களில் யாரும் வயலில் இறங்கியவர்கள் இல்லை. முதியவர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தார். "அப்பிடி இல்லையடா தம்பி, கை அறுத்துப்போடுவாய். இடக்கையால தாளை இறுக்கிப் பிடி" என்று சொல்லி, ஒருவனுடைய கையைப் பிடித்துக் காட்டத் தொடங்கினார்.